ஏற்பு இல்லாத சமரசம்: சுஹார்த்தோவுக்குப் பிந்தைய இந்தோனேசியாவில் மனித உரிமைக் கல்வி

மனித உரிமை என்பதற்கு இந்தோனேசிய மொழியில் 'ஹக் அசாசி மனுசியா' என்ற தொடர் வழங்குகிறது. இம்மூன்று சொற்களில் முதலிரண்டும் அரபு. ஹக், அஸாஸீ என நாம் வகுப்பறையில் அன்றாடம் ஒலிக்கும் சொற்களே அவை. மூன்றாவது, மனுஷ்ய என்னும் வடசொல்லின் வழிவந்தது. அந்நாட்டின் அரசியல் சொற்களைப் புரட்டிப் பார்க்கும் அரபு மாணவருக்கு இத்தகைய வியப்புகள் பல உண்டு. குடிமக்களை அவர்கள் 'ரக்யத்' என்கின்றனர். அது நம் ரஇய்யத். சமூகத்தை 'மஷாரகத்' என்கின்றனர், அது முஷாரகா. நீதியுடையது 'அதில்', கலந்தாலோசனை 'முஷாவரா'. அரசின் அடிப்படைக் கோட்பாடாகிய பஞ்சசீலத்தின் நான்காம் விதி ஒன்றில் மட்டும் ரஇய்யத், ஹிக்மத், முஷாவரா, வகீல் ஆகிய நான்கின் வழிவந்த சொற்களும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வருகின்றன.

இச்சொற்களைப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்புவித்த நாட்டில்தான் 1966 முதல் 1998 வரை 32 ஆண்டுகள் ஜெனரல் சுஹார்த்தோவின் 'புதிய ஒழுங்கு' ஆட்சி நிலவியது. அதன் தொடக்கமே குருதியில் அமைந்தது. 1965 அக்டோபரில் தொடங்கிய சில மாதங்களுக்குள் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்தம் ஆதரவாளர்கள் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டோரில் ஐந்து இலட்சம் முதல் பத்து இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் பொதுவான மதிப்பீடாகும். மேலும் இலட்சக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைகளில் அடைக்கப்பட்டனர். புரு தீவுக்கு அனுப்பப்பட்டோர் ஆயிரக்கணக்கினர்.

சர்வாதிகாரத்திலிருந்து மீண்டெழும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு மனித உரிமையை எவ்வாறு கற்பிப்பது என்ற வினாவை ஆராய நாம் இந்தோனேசியாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது உலகின் மிகப்பெரிய முஸ்லிம் சமூகங்களுள் ஒன்று. நம்மில் பெரும்பகுதியினரைப் போன்று ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் சமூகம். பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் முஈன் நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படுவது போன்றே ஜாவாவின் பெஸன்த்ரென்களிலும் ஓதப்படுகிறது. அம்மகானின் குர்ரதுல் ஐனுக்கு நிஹாயதுஸ் ஸைன் என்னும் விரிவுரை எழுதியவர் ஜாவாவின் நவவி அல் பன்தனி (ரஹ்) அவர்களே. ஆகவே அங்கு நேர்ந்ததை அயலார் செய்தியாக நாம் படித்துவிட்டுக் கடந்துபோக இயலாது.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். சுஹார்த்தோவின் ஆட்சி அறநெறிக் கல்வியைப் புறக்கணித்த ஆட்சியன்று. அதில் அளவு கடந்த ஆர்வம் காட்டிய ஆட்சி. 1975 ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் 'பஞ்சசீல ஒழுக்கக் கல்வி' கட்டாயப் பாடமாயிற்று. 1978 இல் நாட்டின் உயர் மன்றம், பஞ்சசீலத்தை உணர்ந்து கடைப்பிடிப்பதற்கான வழிகாட்டி ஒன்றைத் தீர்மானமாக இயற்றியது. பே-எம்பட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அவ்வழிகாட்டி, ஐந்து விதிகளை 36 கூறுகளாக விரித்தது. 25 மணி நேரம், 45 மணி நேரம், 100 மணி நேரம் என வகுக்கப்பட்ட பயிற்சிகளில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் அமர்ந்து எழவேண்டியிருந்தது. அதை நடத்துவதற்கென்றே தனித் துறை ஒன்று இயங்கியது. சகிப்புத்தன்மை, பிறர் உரிமையை மதித்தல், வன்முறை தவிர்த்தல் யாவும் அதில் இருந்தன. தேர்வுத்தாளில் சரியான விடை எப்போதும் ஒன்றுதான்; அது கீழ்ப்படிதலின் பக்கமே இருக்கும் என்பதைப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொண்டனர்.

இதற்குத் துணையாக ஒரு திரைப்படமும் இருந்தது. 1965 செப்டம்பர் 30 நள்ளிரவில் இராணுவ ஜெனரல்கள் கொல்லப்பட்டதைச் சித்திரிக்கும், மணிக்கணக்கில் நீளும் அப்படம் 1984 இல் அரசுச் செலவில் எடுக்கப்பட்டது. ஆண்டுதோறும் அதே நாளில் அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. மாணவர் அதைப் பார்த்தாக வேண்டும். ஜெனரல்களின் கொலை அதில் விரிவாகக் காட்டப்பட்டது. அதன்பின் கொல்லப்பட்ட இலட்சக்கணக்கானோரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஒரு தலைமுறை முழுவதும் தன் அண்டை வீட்டார் ஏன் காணாமற் போனார் என்று கேட்கவும் தெரியாமல் வளர்ந்தது.

முஸ்லிம்களும் இக்கொடுமைக்குத் தப்பவில்லை. எல்லா அமைப்புகளும் பஞ்சசீலத்தையே தம் ஒரே அடிப்படையாக ஏற்கவேண்டும் என்று அரசு வற்புறுத்திய காலத்தில், 1984 செப்டம்பர் 12 அன்று ஜகார்த்தாவின் துறைமுகப் பகுதியான தஞ்சுங் பிரியோக்கில் ஊர்வலமாக வந்த முஸ்லிம்கள்மீது படையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். இறந்தோர் தொகை குறித்து அரசின் கணக்கும் குடும்பத்தாரின் கணக்கும் ஒத்துப்போனதேயில்லை. மறுஆண்டே அந்த வற்புறுத்தல் சட்டமாயிற்று.

1998 மே 21 அன்று சுஹார்த்தோ பதவி விலகினார். அடுத்த சில ஆண்டுகளில் சட்டங்கள் விரைந்து வந்தன. பே-எம்பட் வழிகாட்டி 1998 லேயே இரத்துச் செய்யப்பட்டது. 1999 இல் மனித உரிமைச் சட்டமும் 2000 இல் மனித உரிமை நீதிமன்றச் சட்டமும் இயற்றப்பட்டன. அதே 2000 இல் அரசியலமைப்பில் மனித உரிமைக்கென ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. சட்டம் மாறுவதற்குச் சில மாதங்கள் போதும். ஆனால், முப்பதாண்டுகள் ஒற்றை விடையைக் கற்பித்த அதே ஆசிரியர் அதே கரும்பலகையின் முன் நின்று கேள்வி கேட்கும் உரிமையைக் கற்பிக்க வேண்டியிருந்தது. இச்சிக்கலை எந்தச் சட்டமும் தீர்த்துவைக்கவில்லை.

இங்குதான் இஸ்லாமியக் கல்வி நிலையங்கள் முன்வந்தன என்பது நாம் பெருமையுடன் குறிப்பிடத்தக்க செய்தி. ஜகார்த்தாவின் ஷரீஃப் ஹிதாயதுல்லாஹ் அரசு இஸ்லாமிய நிறுவனம் (2002 முதல் பல்கலைக்கழகம்), வரலாற்றறிஞர் அஸ்யூமர்தி அஸ்ரா அவர்களின் தலைமையில், பழைய கட்டாயப் பாடங்களுக்கு மாற்றாகக் 'குடிமைக் கல்வி' என்னும் பாடத்தை 2000 இல் வடிவமைத்தது. ஜனநாயகம், மனித உரிமை, மதனீ சமூகம் ஆகிய மூன்றும் அப்பாடநூலின் தலைப்பிலேயே இடம்பெற்றன. மதீனாவை நினைவூட்டும் 'மஷாரகத் மதனீ' என்ற தொடரைக் குடிமைச் சமூகம் என்ற பொருளில் அக்காலத்து மலாய் உலக அறிஞர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தனர். ஆசிரியர் பேச மாணவர் எழுதிக்கொள்ளும் முறையைக் கைவிட்டு, விவாதம், குழு ஆய்வு என்ற வழிகளில் விரிவுரையாளர்களுக்குப் பயிற்சியளிக்கப்பட்டது. முஹம்மதிய்யா இயக்கத்தின் பல்கலைக்கழகங்களிலும் இதையொத்த முயற்சி நடைபெற்றது.

இம்முயற்சிக்கு அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசியா பவுண்டேஷனின் நிதியுதவி இருந்தது. இதைச் சுட்டிக்காட்டி, மேற்கின் சரக்கு நம் மத்ரஸாவில் இறக்கப்படுகிறது என்று ஐயுற்றோர் பலர். அந்த ஐயத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். சுஹார்த்தோவின் ஆட்சியை முப்பதாண்டுகள் தாங்கிப்பிடித்த வல்லரசும் அமெரிக்காவே அன்றோ! ஆயினும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு, அப்பாடம் எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும். பின்னதைக் கேட்டோர் சிலரே.

பெஸன்த்ரென்களின் உலகில் நடந்தது நம் துறைக்கு இன்னும் நெருக்கமானது. 1997 நவம்பரில், அதாவது சுஹார்த்தோ பதவியிலிருந்தபோதே, நஹ்ளதுல் உலமாவின் ஆலிம்கள் லொம்பொக் தீவில் கூடிய தேசிய மாநாட்டில் இஸ்லாத்தில் மனித உரிமை என்ற பொருளை ஆய்வுக்கு எடுத்தனர். அவர்கள் அதற்கு அடித்தளமாகக் கொண்டது உஸூலுல் ஃபிக்ஹ் கற்ற எவரும் அறிந்த அல்குல்லிய்யாதுல் கம்ஸ், அதாவது மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், உடைமை ஆகிய ஐந்தின் பாதுகாப்பு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அல்முஸ்தஸ்ஃபாவில் தொகுத்துரைத்து, இமாம் ஷாதிபி (ரஹ்) அல்முவாஃபகாத்தில் விரித்துரைத்த அதே ஐந்து. அவ்வமைப்பின் தலைவராக 1984 முதல் 1999 வரை இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித் அவர்கள் இவ்வைந்தையும் மனித உரிமைகளோடு இணைத்துப் பேசியும் எழுதியும் வந்தார். கிராமத்து மாணவர் ஒருவருக்கு ஐ.நா. பிரகடனம் அந்நியமாகத் தோன்றலாம். ஹிஃப்ளுன் நஃப்ஸ் அந்நியமாகத் தோன்றாது. உரிமை என்பது வெளியிலிருந்து வந்த கடன் அன்று, தம் கிதாபில் ஏற்கெனவே இருப்பது என்று அவர் உணரும்போது வகுப்பறையின் காற்றே மாறிவிடுகிறது. இதை நம் சொந்த அனுபவத்திலும் கண்டிருக்கிறோம்.

எனினும் இவ்வழியில் ஓர் இடறலும் உண்டு. ஃபுகஹாக்கள் இவ்வைந்தையும் ஆட்சியாளர் காக்கவேண்டிய நலன்களாகவே பெரிதும் விவரித்தனர். ஆட்சியாளரிடமிருந்தே காக்கப்படவேண்டியவை என்ற கோணத்தில் அவர்கள் அதிகம் பேசவில்லை. மேலும், மார்க்கத்தைப் பாதுகாத்தல் என்பதைச் சிலர் தம்மினும் மாறுபட்டோரைத் தாக்கும் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டனர். 2011 பிப்ரவரியில் பன்தன் மாகாணத்துச் சிகெயூசிக் கிராமத்தில் அஹ்மதிய்யாக்கள் மூவர் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டனர். குற்றவாளிகளாகக் காணப்பட்ட பன்னிருவருக்கு மூன்று முதல் ஆறு மாதச் சிறைத்தண்டனையே கிடைத்தது. அக்கூட்டத்தாரின் கொள்கை குறித்து அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் நிலைப்பாட்டில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கொள்கை வழிகேடு என்ற தீர்ப்பு ஒன்று. தெருவில் ஓர் உயிரைப் பறிப்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்லும் ஆலிம் இரண்டாவதையும் அதே மிம்பரில் சொல்லாமல் விட்டால், ஐந்து நலன்களில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க அவரே வழிவிட்டவர் ஆகிறார்.

இதனினும் கடினமான பாடம் ஒன்று நஹ்ளதுல் உலமாவுக்குக் காத்திருந்தது. 1965-66 இல் கொலைகளை இயக்கியது இராணுவம். ஆயினும் கிழக்கு ஜாவாவின் பல ஊர்களில் கொலைக்கருவி ஏந்தியோரில் அதே அமைப்பின் இளைஞர் பிரிவான அன்ஸாரைச் சேர்ந்தோரும் இருந்தனர். பெஸன்த்ரென்களில் பயின்றோர் அவர்கள். மனித உரிமையைக் கற்பிக்க வந்த மத்ரஸா தன் சுவர்களுக்குள்ளேயே பதில் சொல்ல வேண்டிய நிலை. அப்போது குடியரசுத் தலைவராகியிருந்த அப்துர்ரஹ்மான் வாஹித், அவ்வமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான ஹாஷிம் அஷ்அரி (ரஹ்) அவர்களின் பேரர், 2000 மார்ச்சில் அக்கொலைகளுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். கம்யூனிசத்தைத் தடைசெய்த 1966 ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நீக்கவும் முன்மொழிந்தார். தம் சமூகத்தாரிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது, தீர்மானம் நீங்கவில்லை. ஆயினும் அதே ஆண்டில் யோக்யகர்த்தாவில் நஹ்ளதுல் உலமாவின் இளைஞர் சிலர் ஷரிகத் என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகச் சென்று, கொன்றோர் தரப்பையும் கொல்லப்பட்டோரின் குடும்பங்களையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்திப் பேசவைக்கத் தொடங்கினர். நூலகத்தில் கிடைக்காத மனித உரிமைக் கல்வி அது.

அரசுப் பள்ளிகளின் கதை வேறு. 2004 ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தையொட்டி எழுதப்பட்ட வரலாற்று நூல்கள் 1965 நிகழ்வுக்குக் கம்யூனிஸ்டுக் கட்சியே முழுப்பொறுப்பு என்று எழுதாமல் விட்டன. 2007 மார்ச்சில் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் அந்நூல்களைத் தடைசெய்தது. சில ஊர்களில் அவை பகிரங்கமாக எரிக்கப்பட்டன. அந்நூல்கள் கொல்லப்பட்டோரைப் பற்றி விரித்துரைத்தவையும் அல்ல. பழைய குற்றச்சாட்டை மீண்டும் சொல்லவில்லை என்பதே அவற்றின் குற்றம். உண்மை, நல்லிணக்க ஆணையத்துக்காக 2004 இல் இயற்றப்பட்ட சட்டத்தையும் 2006 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதென அறிவித்துவிட்டிருந்தது. ஆகவே ஆசிரியரின் கையில் சட்டம் இருந்தது, உரிமைகளின் பட்டியல் இருந்தது. அவை யாருக்கு எப்போது மறுக்கப்பட்டன என்று சொல்லும் ஏடு மட்டும் இல்லை.

தஞ்சுங் பிரியோக் வழக்கில் நேர்ந்ததை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். ஏனெனில் அதில் நம் சொல் ஒன்று பயன்படுத்தப்பட்டது. 2001 மார்ச்சில், அக்காலத்து உயர் இராணுவ அதிகாரிகளுக்கும் பாதிக்கப்பட்டோரில் ஒரு பகுதியினருக்கும் இடையே 'இஸ்லாஹ்' என்ற பெயரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பொருளுதவியும் வழங்கப்பட்டது. 2003 இல் மனித உரிமை நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது, இஸ்லாஹை ஏற்றிருந்தோர் சிலர் தம் முந்தைய வாக்குமூலத்திலிருந்து பின்வாங்கினர். படைத்தரப்பு குற்றத்தை மறுத்தே நின்றது. 2004 இல் தண்டிக்கப்பட்ட பன்னிருவரும் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். கையெழுத்திட மறுத்த குடும்பங்கள் தம் ஊரிலேயே சமாதானத்தை விரும்பாதோர் என்ற பெயரைச் சுமந்தன.

இஸ்லாஹ், ஸுல்ஹ் ஆகியவை மார்க்கம் போற்றும் நற்செயல்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஃபிக்ஹு நூல்களின் ஸுல்ஹ் பாடத்தைத் திறந்தால் முதலிலேயே ஒரு பாகுபாடு நம்மை எதிர்கொள்கிறது. எதிர்த்தரப்பார் உரிமையை ஏற்றுக்கொண்டபின் செய்யப்படும் சமரசம் ஒன்று. அது ஸுல்ஹ் அலல் இக்ரார். அவர் மறுத்துக்கொண்டிருக்கையில் செய்யப்படும் சமரசம் மற்றொன்று. அது ஸுல்ஹ் அலல் இன்கார். பிற மத்ஹபுகளின் இமாம்கள் பின்னதையும் அனுமதிக்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபோ, அது செல்லாது என்கிறது. உரிமை இல்லையென மறுப்பவர் எதற்காகப் பொருள் கொடுக்கிறார், எதற்கு ஈடாக மற்றவர் பெறுகிறார் என்பதே அதன் வினா. இது உடைமை வழக்குகளுக்காக வகுக்கப்பட்ட விதி. குருதி வழக்குக்கும் அரசின் குற்றத்துக்கும் அப்படியே பொருத்துவது கியாஸின் வரம்பைக் கடப்பதாகும் என்று மறுப்போர் இருக்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு தோட்டத்தின் எல்லைத் தகராறில் ஏற்பின்றிச் சமரசம் இல்லை என்று கண்டிப்புக் காட்டும் மத்ஹபைச் சார்ந்த ஒரு சமூகம், மகனை இழந்த தாயின் வழக்கில் அக்கண்டிப்பைத் தளர்த்தியது ஏன் என்று நாம் கேட்காமலிருக்க இயலவில்லை.

தவ்பாவின் நிபந்தனைகளிலும் இதே நீதி செல்கிறது. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பாவமெனில் விலகுதல், வருந்துதல், மீளாதிருக்க உறுதிபூணுதல் என மூன்று நிபந்தனைகள். பிற மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டதெனில் அதை உரியவரிடம் ஒப்படைப்பது அல்லது அவரிடம் மன்னிப்புப் பெறுவது என நான்காவது ஒன்று சேரும் என இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்குகின்றார். இப்பாடம் நடந்த ஒரு நாளில், இந்நான்காவது நிபந்தனை ஆட்சியாளருக்கும் உண்டா என்று நம் மாணவர் ஒருவர் வினவினார். விதி அனைவருக்கும் பொது என்று விடை கூறினோம். அப்படியானால் நாடு தவ்பா செய்யும்போது உரியவர் யார் என்று அடுத்த வினா வந்தது. அன்று மணி அடித்துவிட்டது.

மொராக்கோவின் அனுபவம் இதற்கு ஓரளவு விடையளிக்க முயன்றது. மன்னர் ஹஸன் II காலத்துக் கொடுமைகளை அந்நாட்டார் ஸனவாதுர் ரஸாஸ், அதாவது ஈயத்தின் ஆண்டுகள், என்பர். அவற்றை ஆராய 2004 இல் அமைந்த ஆணையத்துக்குத் தாமே பல்லாண்டுகள் சிறையிலிருந்த இத்ரீஸ் பின்ஸக்ரீ தலைமை தாங்கினார். பாதிக்கப்பட்டோர் தொலைக்காட்சியில் நாடறியச் சாட்சி கூறினர். ஆனால் தம்மை வதைத்தவரின் பெயரைக் கூறக்கூடாது என்பது நிபந்தனை. உரியவர் யாரென்று தெரிந்தது. ஒப்படைக்க வேண்டியவர் திரைக்குப் பின்னால் இருந்துவிட்டார். பாதி இக்ரார் என்று இதைச் சொல்லலாம். இந்தோனேசியா அந்தப் பாதியைப் பெறவும் நெடுங்காலம் காத்திருந்தது. 2023 ஜனவரி 11 அன்றுதான் அதிபர் ஜோகோ விடோடோ 1965-66 உள்ளிட்ட 12 நிகழ்வுகளைக் கடுமையான மனித உரிமை மீறல்களென அரசின் சார்பில் ஏற்று வருத்தம் தெரிவித்தார். ஏற்பு வந்தது, அதைத் தொடர்ந்து எந்தப் பெயரும் வரவில்லை.

இதற்கிடையே பழைய பாடமும் மெல்லத் திரும்பி வந்துள்ளது. 2012 ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் பஞ்சசீலத்தைப் பல்கலைக்கழகங்களில் மீண்டும் கட்டாயப் பாடமாக்கியது. பஞ்சசீலத்தின் மீது நமக்கு எவ்விதக் குறையும் இல்லை. முதல் விதியே ஏகத்துவத்தை நோக்கியது என்று அந்நாட்டு உலமாக்கள் விளக்கியுள்ளனர். பாடம் எது என்பதைவிட, வகுப்பில் அதற்கு எதிராக ஒரு மாணவர் தம் பாட்டனாரின் கதையைச் சொல்ல முடியுமா என்பதே அன்றும் இன்றும் கேள்வி.

2025 நவம்பர் 10 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய வீரர்களின் பட்டியல் இக்கேள்வியை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. அதில் சுஹார்த்தோவின் பெயர் இருந்தது. அவரது ஆட்சியை எதிர்த்து நின்று, பின்னர் 1965 கொலைகளுக்கு மன்னிப்புக் கோரிய அப்துர்ரஹ்மான் வாஹிதின் பெயரும் அதிலேயே இருந்தது. அதே ஆட்சியில், 1993 மே மாதத்தில், ஊதிய உயர்வு கேட்ட போராட்டத்தின்பின் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட கிழக்கு ஜாவாத் தொழிற்சாலைப் பெண் மர்சினாவின் பெயரும் இருந்தது. இம்மூவரையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, இவர்கள் அனைவரும் நம் வீரர்களே என்று ஒப்புவிக்கச் செய்யும் ஆசிரியரும் இருப்பார். மர்சினாவைக் கொன்றவர் யார் என்று ஒரு பிள்ளை கேட்கும்போது தடுக்காத ஆசிரியரும் இருப்பார். அந்நாட்டின் மனித உரிமைக் கல்வி எந்நிலையில் இருக்கிறது என்பதை நாம் அவ்விருவரின் எண்ணிக்கையைக் கொண்டே கணிக்கமுடியும்.

பள்ளிக்கு வெளியே ஒரு பாடம் இடைவிடாது நடந்துவருகிறது. 2007 ஜனவரி 18 முதல், வியாழன்தோறும், ஜகார்த்தாவின் அதிபர் மாளிகைக்கு எதிரே கருப்புடை அணிந்து கருங்குடை பிடித்துச் சிலர் அமைதியாக நிற்கின்றனர். 1998 இல் சுடப்பட்ட மாணவரின் தாய், காணாமற் போனோரின் உறவினர், 1965 இன் முதியோர், தஞ்சுங் பிரியோக்கின் குடும்பத்தார் என அவர்கள் பலதரப்பட்டோர். மதத்தாலும் கொள்கையாலும் வேறுபட்டோர். நிற்கும் ஒவ்வொரு வாரமும் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுகின்றனர். வியாழனை அந்நாட்டார் 'கமிஸ்' என்கின்றனர், நம் யவ்முல் கமீஸ்தான். ஆகவே இந்நிகழ்வுக்குக் 'கமிஸான்' என்று பெயர். இதுவரை எண்ணூறு முறைக்கு மேல் நின்றுவிட்டனர். 2018 மே 31 அன்று, அதுவும் ஒரு வியாழன், அதிபர் அவர்களை மாளிகைக்குள் அழைத்துப் பேசினார். அதன் பின்னும் அவர்கள் வெளியே வந்து அதே இடத்தில் குடை விரித்தனர்.